தையல் பிரித்த பிறகு வலிக்கு யார் பொறுப்பு?

அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கும், மயக்க மருத்துவர்களுக்கும், மருத்துவமனைகளை நடத்துபவர்களுக்கும்,

வணக்கம்.

ஹெர்னியா ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை நர்ஸ் வந்து, "வலி பத்துக்கு எத்தனை சார்?" என்று கேட்டார். அசையாமல் மல்லாந்து கிடந்தால் இரண்டு. இருமினால் ஒன்பது. இதில் எதைச் சொல்வது? அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு இன்னும் எத்தனையோ கட்டில்கள் பாக்கி. நடுவாக இருக்கட்டும் என்று "நாலு" என்றேன். நாலு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அன்று முழுக்க நான் இருமவில்லை. நெஞ்சில் சளி கரகரத்தது. தலையணையை அடிவயிற்றோடு அணைத்துக்கொண்டு தொண்டையை மட்டும் செருமிக்கொண்டேன். மூச்சைக்கூட மேலோட்டமாகத்தான் இழுத்தேன். ஆனால் சார்ட்டைப் பார்த்தால் நான் நன்றாகத் தேறிவரும் நோயாளி.

இப்படி இருமாமல் கிடப்பவருக்குத்தான் சளி தேங்கி நிமோனியா வரும் என்பது நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. "எங்கே, ஒரு தடவை நன்றாக இருமிக் காட்டுங்கள்" என்று யாராவது சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் என் நாலு வெளுத்திருக்கும். எண் வேண்டாம் என்று சொல்லவில்லை. படுத்திருக்கும்போது எத்தனை, இருமும்போது எத்தனை, எழுந்து பாத்ரூம் போகும்போது எத்தனை என்று கேட்டால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

சரி, அதுகூட ஒரு பெரிய குறை இல்லை. என் குறை பத்தாம் நாளுக்குப் பிறகு தொடங்குகிறது.

பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். "காயம் அருமையாக ஆறியிருக்கு" என்றார்கள். உண்மைதான், தழும்பு கோடு போட்ட மாதிரி இருந்தது. ஆனால் நாலு மாதம் கழித்தும் பேன்ட்டின் இடுப்புப் பட்டி உரசினால் அந்த இடம் திகுதிகுவென்று எரிந்தது. உட்கார்ந்து எழுந்தால் தொடை இடுக்கிலிருந்து உள்தொடை வரை சுரீரென்று கரண்ட் ஓடியது. செருப்பு மாட்டக் குனிவதற்கு முன் மூச்சைப் பிடித்துக்கொள்ளப் பழகியிருந்தேன். மறுபடி போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். ஹெர்னியாவை அடைக்க உள்ளே வைத்துத் தைத்த மெஷ் என்ற வலை இடம் மாறவில்லை, ஹெர்னியா திரும்பவில்லை, எல்லாம் நார்மல். அடுத்த முறை வேறு மாத்திரை. மூன்றாவது முறை, "நீங்க அதையே நினைச்சுக்கிட்டிருக்கீங்க" என்றார் மருத்துவர். கோபமாக அல்ல, கனிவாகத்தான் சொன்னார். அதனால் இன்னும் அதிகமாக வலித்தது. அவர் பெயரையோ அந்த மருத்துவமனையின் பெயரையோ நான் எழுதப் போவதில்லை. வேறு இடத்துக்குப் போயிருந்தாலும் கதை பெரிதாக மாறியிருக்காது என்பது அப்புறம் மற்ற நோயாளிகளோடு பேசியபோது புரிந்தது.

ஒரு வருடத்துக்கும் மேலாக நான் என்னையே சந்தேகப்பட்டேன். பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். 1998ல் பிரிட்டனில் வலி மருத்துவ மையங்களுக்கு வந்த 5,000க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வலி வந்ததில் ஏதோ ஓர் ஆபரேஷனுக்குப் பங்கு இருந்தது. 2006ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் கெலெட், ஜென்சன், வூல்ஃப் மூவரும் எழுதிய கட்டுரை வழக்கமான ஆபரேஷன்களை வரிசைப்படுத்திக் கணக்குச் சொன்னது: ஹெர்னியாவுக்குப் பிறகு சுமார் பத்தில் ஒருவருக்கு வலி தங்கிவிடுகிறது, மார்பகத்திலும் நெஞ்சுக்கூட்டிலும் செய்யும் ஆபரேஷன்களுக்குப் பிறகு இன்னும் அதிகம், கை கால் அகற்றியவர்களில் நூற்றுக்கு முப்பதிலிருந்து ஐம்பது பேர் வரை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆபரேஷனுக்குப் பின் மூன்று மாதத்தைத் தாண்டி நிற்கும் வலிக்கு அதில் தனி இடமே இருக்கிறது. அதாவது என் 'நினைப்பு'க்கு முறையான பெயர் உண்டு, குறியீட்டு எண்ணும் உண்டு.

ஆபரேஷனுக்கு முன் நான் கையெழுத்துப் போட்ட படிவத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ரத்தக்கசிவு இருக்கிறது, சீழ் பிடிப்பது இருக்கிறது, ஹெர்னியா திரும்ப வருவது இருக்கிறது. வலியைப் பற்றி ஒரே வரி: சில நாட்கள் இருக்கலாம். பத்தில் ஒருவருக்கு நேர்வது அந்தப் படிவத்தில் இல்லை. சொன்னால் நோயாளி பயந்துவிடுவார் என்பீர்கள். எனக்குச் சொல்லாததால், ஒரு வருடத்துக்கும் மேலாக ராத்திரி ராத்திரியாக, உள்ளே ஏதோ கிழிந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தல்லவா பயந்தேன்?

கடைசியில் ஒரு வலி மருத்துவரிடம் போனேன். மயக்க மருத்துவம் படித்து அதிலிருந்து வலிக்கு வந்தவர். ஸ்கேன் உறையை வாங்கி ஓரமாக வைத்தார். படுக்கச் சொன்னார். டப்பாவிலிருந்து ஒரு துளி பஞ்சை எடுத்துத் திரித்து, தொப்புளுக்குக் கீழிருந்து மெல்ல வருடிக்கொண்டே வந்தார். "எங்கே மாறுதோ அங்கே சொல்லுங்க." ஓர் இடத்தில் பஞ்சு பஞ்சாக இல்லை, நெருப்புக் குச்சியாக இருந்தது. சொன்னேன். அங்கே பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். மறுபக்கத்திலிருந்து வருடினார், இன்னொரு புள்ளி. பத்து நிமிடத்தில் புள்ளிகளைச் சேர்த்து, தழும்பைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குக் கோணல்மாணலாக ஒரு வட்டம். அதன் நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில் ஒன்றுமே தெரியவில்லை, மரத்துக் கிடந்தது. "அந்த வழியா மெல்லிசா சில நரம்பு போகுது. அதுல ஒண்ணு தழும்புலயோ மெஷ்லயோ மாட்டியிருக்கு போல. மரத்த இடமும் எரியற இடமும் பக்கத்துல பக்கத்துல இருக்குன்னா அது நரம்பு பேசற பாஷை" என்றார்.

எந்த ஸ்கேனிலும் தெரியாதது ஒரு துளி பஞ்சில் தெரிந்துவிட்டது. அந்த வட்டத்தைக் குளிக்கும்போது அழிக்க மனம் வரவில்லை எனக்கு, அசட்டுத்தனம்தான்.

அடுத்த வாரம் அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே அந்த நரம்பருகில் மரத்துப்போகும் ஊசி போட்டார். கால் மணி நேரத்தில் வலி நின்றது. குறையவில்லை, நின்றது. நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தேன், மறுபடி உட்கார்ந்து எழுந்தேன், குனிந்து செருப்பை மாட்டினேன், கழற்றி இன்னொரு முறை மாட்டினேன். மூச்சைப் பிடிக்காமல். சில மணி நேரத்தில் மருந்து இறங்கியதும் வலி திரும்பிவிடும் என்று முன்பே சொல்லியிருந்தார், திரும்பியது. ஆனால் எந்த நரம்பு என்பது உறுதியாகிவிட்டது. இது சிகிச்சை மட்டுமல்ல, சோதனையும்கூட என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

எனக்கு வாய்த்த வலியை நம் மொழியில் சொல்வது அப்படியொன்றும் கடினமில்லை. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், இழுப்பு, பிடிப்பு, விண்விண் என்று தெறிப்பது, சுரீரென்று ஓடுவது என்று எத்தனை சொற்கள். இவை அலங்காரச் சொற்கள் அல்ல, நோயைக் காட்டும் குறிகள். மூட்டுத் தேய்மானம் உளையும், கடுக்கும். நரம்பு எரியும், சுரீரென்னும், ஊசி குத்தும், மரக்கும். கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்ஸாக் 1975ல் 78 வலிச் சொற்களை 20 குழுக்களாகப் பிரித்து ஒரு வினாத்தாளே தயாரித்தார். பாட்ரிக் வாலோடு சேர்ந்து 1965ல், வலிச் சேதி மூளைக்குப் போகும் வழியில் முதுகுத்தண்டில் ஒரு கதவு இருக்கிறது, அது திறக்கவும் செய்யும் மூடவும் செய்யும் என்ற கோட்பாட்டைச் சொன்னவரும் அவர்தான். அத்தனை பெரிய ஆய்வாளர் சொற்களைப் பொறுக்கிச் சேர்த்திருக்கிறார். நீங்களோ "எரியுதா, கடுக்குதா?" என்றுகூடக் கேட்காமல் எண்ணோடு நிறுத்திக்கொள்கிறீர்கள். என் மூன்று வருகைகளிலும் எனக்குக் கிடைத்த மாத்திரைகள் வீக்கத்தைக் குறைக்கும் வகை. நரம்பு வலிக்கு அவை பெரிதாக எடுபடாது. மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகக் கோளாறும்தான் மிச்சம்.

வலி மருத்துவர் எழுதியது அமிட்ரிப்டிலின், ராத்திரிக்கு மட்டும், மிகக் குறைந்த அளவு. மாத்திரை வாங்கிவந்து அதோடு இருந்த தாளைப் பிரித்துப் படித்தால், மனச்சோர்வுக்கான மருந்து என்று போட்டிருக்கிறது. எனக்கு வந்ததே கோபம். இவரும் அந்தக் கட்சிதானா என்று உடனே போன் போட்டேன். அவர் சிரித்துவிட்டார். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவு வேறு, இது வேறு. மூளையிலிருந்து கீழே இறங்கிவந்து வலிச் சேதியை அமர்த்துகிற நரம்புப் பாதைகள் உண்டு, அவற்றுக்கு இது தெம்பு கொடுக்கும் என்று விளக்கினார். டுலாக்செட்டினும் அப்படித்தான். கபாபென்டின் வலிப்பு நோய்க்காக வந்து நரம்பு வலிக்குப் பயன்படுவது. இதை மருந்தை எழுதும்போதே சொல்லிவிடுங்கள். சொல்லாததால் மாத்திரையைத் தூக்கிக் குப்பையில் போட்டவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். நானே ஒரு போன் தொலைவில்தான் தப்பினேன்.

இப்போது என் அக்காவின் கதை. போன வருடம் வேறொரு மருத்துவமனையில் அவளுக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன். முதல் நாள் மாலை மயக்க மருத்துவர் வந்து ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். முதலில் அவர் கேட்டதே, "இதுக்கு முன்னாடி ஆபரேஷன் ஏதாவது செஞ்சு வலி ரொம்ப நாள் நின்னிருக்கா? இப்ப உடம்புல வேற எங்கேயாவது வலி இருக்கா? நாளைக்கு என்னன்னு பயமா இருக்கா?" என்றுதான். பிற்காலத்தில் வலி தங்கிவிடுமா என்று முன்கூட்டிச் சொல்லும் அடையாளங்களில் இவை முக்கியமானவை: ஏற்கெனவே இருக்கும் வலி, அதிகமான பயம், ஆபரேஷன் ஆன முதல் சில நாட்களில் கட்டுக்குள் வராத கடும் வலி. என்னிடம் யாரும் கேட்டதில்லை.

அப்புறம் திட்டத்தைச் சொன்னார். முதுகில் ஊசி. தொடையில் நரம்புக்கு ஒரு பிளாக், அதாவது அந்த நரம்பைச் சில மணி நேரம் மரத்துப்போகச் செய்யும் ஊசி. வலித்தாலும் வலிக்காவிட்டாலும் நேரம் தவறாமல் பாராசிட்டமால், ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டாமல். சிறுநீரகம் நன்றாக இருப்பதால் சில நாட்களுக்கு வீக்கம் குறைக்கும் மாத்திரை. இத்தனையும் மீறி வலித்தால் மட்டும் ஓபியாய்டு எனப்படும் மார்ஃபின் வகை மருந்து, அதுவும் குறைந்த அளவில். ஒரே மருந்தை அள்ளிக் கொட்டாமல் வெவ்வேறு இடத்தில் வேலை செய்யும் நாலைந்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்கும் முறை இது. டென்மார்க்கின் கெலெட்டும் அவரைச் சேர்ந்தவர்களும் 1990களிலிருந்து வலியுறுத்திவருவது. அவர் சொன்னதில் அக்காவுக்கு மிகவும் உதவியது கடைசி வாக்கியம்: "பிளாக் நடுராத்திரி வாக்குல இறங்கும். கால் நல்லாத்தானே இருக்குன்னு மாத்திரையை விட்டுட்டுத் தூங்காதீங்க, திடீர்னு ஏறும். தூங்கறதுக்கு முன்னாடியே போட்டுடுங்க." ராத்திரி இரண்டு மணிக்கு ஏறியது. ஏறும் என்று தெரிந்திருந்ததால் அவள் அலறவில்லை. மறுநாள் வாக்கரைப் பிடித்து நடந்தாள். வலியே இல்லையா என்றால் இருந்தது. பிசியோதெரபி செய்ய முடிகிற அளவுக்கு இருந்தது.

மொத்தத்தில் அந்த மருத்துவர் செலவழித்தது இருபது நிமிடம்.

ஓபியாய்டு என்றதும் உங்களில் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. காரணமும் தெரிகிறது. 1980ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் அப்படி மருந்து வாங்கிய 11,882 பேரில் நாலு பேருக்குத்தான் அடிமைத்தனம் பதிவானது என்று. உள்ளே படுத்திருந்தவர்களைப் பற்றிய அந்தக் கடிதத்தை, வீட்டில் மாதக்கணக்கில் விழுங்குபவர்களுக்கும் பொருந்தும் என்பதுபோல் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் மேற்கோள் காட்டின. அமெரிக்காவில் அதன் விளைவைச் சவப்பெட்டிகளில் எண்ணினார்கள். நாள்பட்ட முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் ஒரு வருடம் ஓபியாய்டு கொடுத்துப் பார்த்த 2018ஆம் ஆண்டு ஆய்வில், சாதாரண மருந்து வாங்கியவர்களைவிட அவர்கள் நன்றாக நடமாடவில்லை. வலியிலும் அவர்களுக்கு லாபமில்லை.

ஆனால் இதை வைத்துக்கொண்டு, வயிற்றைக் கிழித்துத் தைத்த அன்று ராத்திரி ஒருவருக்கு மார்ஃபின் மறுப்பதும், புற்றுநோய் எலும்பில் பரவியவருக்கு "பழக்கமாகிவிடும்" என்று சொல்வதும் என்ன நியாயம்? லான்செட் அமைத்த ஆணையம் ஒன்று கணக்குப் பார்த்தது. உலகில் ஒரு வருடத்தில் விநியோகமான மார்ஃபின் வகை மருந்து 298.5 டன், அதில் மிக ஏழை நாடுகளுக்குப் போனது 0.1 டன். ஒருபக்கம் வெள்ளம், மறுபக்கம் வறட்சி. யாருக்கு, எத்தனை நாளைக்கு, எப்போது நிறுத்துவது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிக் கொடுங்கள், போதும். 2025 ஜனவரியில் சுசெட்ரிஜின் என்று ஒரு புதுவகை மருந்துக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்திருக்கிறது. வலி நரம்பில் சேதி கடக்க உதவும் ஒரு சோடிய வாயிலை மட்டும் அடைப்பது. மூளைக்குள் வேலை செய்வதில்லை. நல்ல செய்திதான். இருமிக் காட்டுங்கள் என்று கேட்கும் வேலையை எந்த மாத்திரையும் செய்யாது என்பது வேறு விஷயம்.

என் வலி இப்போது போய்விட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. ஊசி மூன்று முறை போட்டோம், ஒவ்வொரு முறையும் குறைந்தது, கொஞ்சம் திரும்பியது. சூடு கண்ட பூனை என்பார்களே, என் நரம்புகள் அப்படி ஆகிப்போயிருந்தன. ஒரு வருடத்துக்கு மேல் அடிபட்ட பிறகு உரசலுக்கும் சூட்டுக்கும் அவற்றுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அந்தப் பூனையை மெல்ல மெல்லத்தான் அடுப்படிக்குக் கூட்டிவர வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் பெண் சொன்னார். முதலில் பட்டுத் துணியால் தழும்பைச் சுற்றி வருடுவது, பிறகு பருத்தி, பிறகு துண்டு. நடையை வலி பார்த்து நிறுத்தாமல் கடிகாரம் பார்த்து நிறுத்துவது: ஆறு நிமிடம் என்றால் ஆறு நிமிடம்தான், நன்றாக இருக்கிறதே என்று பன்னிரண்டு நடக்கக் கூடாது. நல்ல நாளில் எல்லா வேலையையும் முடித்துவிட்டு மூன்று நாள் படுக்கையில் விழுவது என் வழக்கமாக இருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். மனநல ஆலோசகரிடமும் ஆறு முறை போனேன். முதலில் வீம்பாக மறுத்தேன், 'நினைப்பு' என்ற சொல் இன்னும் குத்திக்கொண்டிருந்தது. வலி நிஜம் என்று ஒத்துக்கொண்ட பிறகு ஒருவர் மனதைப் பற்றிப் பேசினால் அது வேறு மாதிரி காதில் விழுகிறது.

வலிப்பவர் சொல்வதை மருத்துவம் நம்பாமல் போனது இது முதல் தடவை இல்லை. 1980கள் வரை பச்சிளங்குழந்தைகளுக்கு மிகக் குறைந்த மயக்க மருந்தோடு ஆபரேஷன் செய்தார்கள். அவற்றுக்கு வலி சரியாகத் தெரியாது, அழுவது வெறும் அனிச்சை என்றார்கள். ஆனந்த் என்ற மருத்துவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1987ல், வலிமருந்து கொடுத்தால் குழந்தையின் உடம்பில் அதிர்ச்சி எப்படிக் குறைகிறது என்று ரத்தத்தில் அளந்து காட்டிய பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020ல் வலியின் வரையறையைத் திருத்தியபோது கூடவே சேர்த்த குறிப்புகளில் ஒன்று, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்பது. தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று நம்மவர்கள் சொல்லி எவ்வளவு காலமாகிறது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் குறைந்துவிட்டது. ஹெர்னியாவை நீங்கள் சரியாகத்தான் தைத்தீர்கள். ஆனால் காயம் ஆறியதும் அறுவை மருத்துவரின் வேலை முடிந்துவிடுகிறது, ஆபரேஷன் அறையைத் தாண்டியதும் மயக்க மருத்துவரின் வேலை முடிந்துவிடுகிறது. வலி மட்டும் யாருடைய கணக்கிலும் இல்லாமல் வீட்டுக்கு வந்துவிடுகிறது. இது தீராத சிக்கல் இல்லை. டொரன்டோ பொது மருத்துவமனையில் 2014லேயே இதற்கென்று ஒரு பிரிவு தொடங்கினார்கள். வலி தங்கக்கூடும் என்று தெரிகிற நோயாளிகளை ஆபரேஷனுக்கு முன்பே அடையாளம் கண்டு, வீட்டுக்குப் போன பிறகும் மாதக்கணக்கில் தொடர்ந்து பார்ப்பதுதான் அதன் வேலை. மயக்க மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், மனநல ஆலோசகர், நர்ஸ் எல்லோரும் ஒரே இடத்தில். எல்லா மருத்துவமனைகளாலும் அப்படிச் செய்ய முடியாது என்பது தெரியும். மூன்றாவது மாதம் ஒரே ஒரு போன் செய்ய எந்த மருத்துவமனையாலும் முடியும். "இன்னும் வலிக்குதா? எரியுதா, கடுக்குதா? அதனால எதைச் செய்ய முடியலை?" இவ்வளவுதான் கேட்க வேண்டும்.

என் டிஸ்சார்ஜ் சீட்டு இன்னும் ஃபைலில் இருக்கிறது. கடைசி வரி: "தையல் பிரிக்க 10ஆம் நாள் வரவும்." அதற்குக் கீழே பாதிப் பக்கம் காலி. வலி மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் யாரைப் பார்க்க வேண்டும், எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்று அங்கே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
பத்தில் ஒருவன்